மீசையை எடுத்த ஞாயிறு

வாரத்தில் மூன்று நாள் விடிந்ததும் அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவேன். அம்மா வந்து என் இடத்தில் உட்கார்ந்ததும் தி. நகர் ஜவுளிக்கடைக்கு ஓட வேண்டும். அங்கே கடை மூடும் வரை நின்றபடியே புடவை விரிக்கிற வேலை. அலுப்பென்றால் அப்படியோர் அலுப்பு. இருபத்து நாலு வயதில் யாருக்காவது கால் வீங்குமா? எனக்கு வீங்கியது.

அதனால்தான் நண்பன் ஸ்நார்கெலிங் என்றதும் தலையாட்டினேன். அவன் நொச்சிக்குப்பத்துக்காரன். ஞாயிறு காலையில் அடையாறு நீச்சல்குளம் ஒன்றில் கற்றுத்தருகிறான்.

"கண்ணாடிய மாட்டு, குழாய வாயில கவ்வு, குப்புறப் படு. அவ்ளோதான் மச்சி," என்றான். எனக்கு வேண்டியதும் அதுதான். ஒரு மணி நேரம் யாரும் கூப்பிட முடியாத இடத்தில் சும்மா கிடக்க வேண்டும்.

கிடக்கத்தான் முடியவில்லை. கண்ணையும் மூக்கையும் மூடுகிற அந்தக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து மூக்கில் ஏறியது. வாரை இறுக்கினோம், வேறு கண்ணாடி மாற்றினோம். மூன்று ஞாயிறும் இதே கூத்து. கடைசியில் அவன் என் முகத்தை உற்றுப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா மச்சி, இவ்ளோ பெரிய மீசைய வெச்சிக்கினு கீறே, ரப்பர் எப்படி ஒட்டும்? எடுத்துடு."

பக்கத்துக் கடையில் ரேசர் வாங்கி, குளத்துக் குளியலறையிலேயே எடுத்தேன். அப்புறம் தண்ணீரில் குப்புறப் படுத்தேன். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. என் மூச்சுச் சத்தம் மட்டும் குழாயில் போய்வந்தது. கீழே நீல ஓடுகள், யாரோ தவறவிட்ட ஒரு ஹேர்பின். அழுகை வந்தது, அழுதேன். கண்ணாடிக்குள் யாருக்குத் தெரியப்போகிறது?

மயிலாப்பூர் வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் அம்மா கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டாள்.

"அடப்பாவி! அப்பன் உசுரோட இருக்கசொல்ல மீசைய எடுத்துக்கினு வந்து நிக்கிறியே!"

எங்கள் வீடுகளில் தகப்பனுக்குக் கொள்ளி வைக்கிற நாளில்தான் மகன் மீசையை எடுப்பான். ரேசரைக் கையில் எடுத்தபோது அது எப்படித் தோன்றாமல் போனது? தூக்கம் கெட்ட மூளை, வேறென்ன. மாடிவீட்டு அக்கா பதறி இறங்கிவந்து, "எப்போ ஆச்சு?" என்று கேட்டேவிட்டார்.

உள்ளே கட்டிலில் அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"கிட்ட வாடா," என்றார். ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையால் என் மேலுதட்டைத் தடவினார். "நான் போற அன்னிக்கு எடுக்க ஒண்ணுமே இல்லாம பண்ட்டியேடா. இனிமே இது மொளைக்கிற வரிக்கும் நான் இருந்தாகணும்."

சிரித்தார். கூடவே இருமலும் வந்தது.

கடலில் இறங்க நண்பன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். நான் இன்னும் போகவில்லை, நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி நாளோ கடை நாளோ, காலையில் எழுந்ததும் முதலில் மேலுதட்டை மழித்துவிடுகிறேன். ஒரு முடியைக்கூட முளைக்க விடுவதில்லை.