கெமிக்கல் இல்லை, மருந்து மட்டும்தான்

சுவர்ணாவின் காதல் கதையைக் கேட்டால் கல்லும் கரையும். காதலன் பெயர் இரசாயனவியல். பன்வில தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள், உயர்தர வகுப்பில் அவனைச் சந்தித்தாள், பல்கலைக்கழகத்தில் கைப்பிடித்தாள். பட்டமளிப்பு அங்கியோடு படமும் எடுத்த பிறகுதான் அவனுக்கு வேலைவெட்டி ஏதுமில்லை என்பது தெரியவந்தது.

அவனுடைய குடும்ப வரலாறும் மெச்சத்தக்கதல்ல. பாட்டன்மார் ஈயத்தைப் பொன்னாக்கிக் காட்டுகிறோம் என்று அரசர்களின் கஜானாவைக் கரைத்தவர்கள். பின்னால் வந்த ஒருவர் காற்றிலிருந்து உரத்துக்கு வழி கண்டார். அவரே போர்க்களத்தில் நச்சுவாயுவைத் திறந்துவிடவும் வழி காட்டினார். பரிசு முதலாவதற்குக் கிடைத்தது. இரண்டாவதை மற்றவர்கள் சுவாசித்தார்கள். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்?

போதாக்குறைக்கு, சில வருடங்களுக்கு முன்னர் அரசாங்கம் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்து, பயிர் கருகியதும் திடீரென்று ஞானம் பெற்றது. தடை போனாலும் ‘கெமிக்கல்’ என்பது கெட்ட வார்த்தையாகவே நின்றுவிட்டது. மடவளையில் றவூப் நானாவின் கடையில் சவர்க்காரம் முதல் உப்புவரை எல்லாவற்றிலும் ‘கெமிக்கல் அற்றது’ என்று எழுதியிருந்தது.

“நானா, உப்பே ஒரு கெமிக்கல்தானே?” என்று சுவர்ணா ஒருநாள் கேட்டுவிட்டாள்.

“மெதுவாச் சொல்லுங்க தங்கச்சி. ஆள்கள் காதுல விழுந்தா யாவாரம் பாழாப் போகும்.”

இந்த நிலையில்தான் பேராசிரியர் கிளின்ரன் அவளுக்கு ஆராய்ச்சி உதவியாளர் வேலை கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் இரசாயனப் பாவனை பற்றி ஆராய அவருக்கு நிதி வந்திருந்தது. ஆய்வை ஒழுங்காக முடித்தால் அவளை முதுகலைப் படிப்புக்குப் பதிவு செய்ய அவரே கையெழுத்திடுவதாக வாக்கும் தந்தார். சுவர்ணாவின் எதிர்காலம் முழுவதும் அந்த ஒரு கையெழுத்தில் தொங்கியது.

கேள்வியை அவரே இயற்றினார். ‘நீங்கள் பயிர்ச்செய்கையில் இரசாயனப் பதார்த்தங்களைப் பாவிக்கின்றீர்களா?’ சுவர்ணா பன்வில முழுக்க வீடு வீடாகப் போய்க் கேட்டாள். கடைசியாகத் தன் தகப்பன் பெரியதம்பியிடமும் கேட்டாள். அவர் லயத்துக்குக் கீழே போஞ்சியும் தக்காளியும் போட்டிருந்தார்.

“ரசாயனமா? அதெல்லாம் நமக்கு எதுக்கு புள்ள? மருந்து மட்டும்தான் அடிக்கிறோம்.”

அவர் மட்டுமல்ல, ஊரே அதைத்தான் சொன்னது. பூச்சிக்கு அடிப்பது மருந்து. புல்லுக்கு அடிப்பது மருந்து. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. மருந்து எப்படிக் கெட்டதாகும்? பெரியதம்பி மருந்து டாங்கியை முதுகில் சுமக்கும் இடத்தில் தோல் வெந்து உரிந்திருந்தது. அதற்கு அவர் தேங்காயெண்ணெய் பூசினார். அது கெமிக்கல் அற்றது.

சுவர்ணா பேராசிரியரிடம் ஓடினாள்.

“சேர், அவங்க மருந்துன்னு சொல்றது பூச்சிகொல்லியைத்தான். கேள்வியை மாத்தணும்.”

“பிள்ளை, கேட்ட கேள்விக்கு என்ன மறுமொழி வந்தது?”

“இல்லைன்னு.”

“அப்ப ‘இல்லை’ எண்டுதான் எழுதவேணும். உம்மட கருத்தைச் சேர்த்தால் அது விஞ்ஞானம் இல்லை. விளங்குதோ?”

விளங்கியது. விஞ்ஞானம் எழுதப்பட்டது. ‘இரசாயனமற்று வாழும் மலையகக் கிராமம்’ என்ற கட்டுரையில் முதலில் பேராசிரியர் பெயர், அடுத்து அவர் மனைவியின் பெயர், பிறகு வாகனம் தந்து உதவிய துறைத் தலைவரின் பெயர். மலை ஏறி இறங்கிய சுவர்ணாவின் பெயர் வாலில் இருந்தது. அதையும் அவள் தடவித் தடவிப் பார்த்தாள். பாவம், பெண் மனம்.

கட்டுரை சும்மா இருக்கவில்லை. மருந்தடிப்பவர்களின் தோலையும் நுரையீரலையும் பரிசோதிக்கும் நடமாடும் கிளினிக் ஒன்று ஊர் ஊராகப் போக இருந்தது. கெமிக்கலே இல்லாத பன்விலைக்கு அது எதற்கு? பட்டியலிலிருந்து ஊரை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

கண்டி வாவிக்கரை ஹோட்டலில் விழா. ஊரின் சார்பில் கேடயம் வாங்கப் பெரியதம்பி மேடை ஏறினார். ஒலிவாங்கியுடன் மொழிபெயர்க்க நின்றவள் மகள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

“ஐயா சொன்ன மாதிரி நம்மகிட்ட கெமிக்கல் கிமிக்கல் ஒண்ணும் கெடையாதுங்க. வாரம் ரெண்டு தடவ நல்லா மருந்தடிக்கிறோம், அவ்வளவுதான்.”

மகள் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னாள். கைதட்டல் எழுந்து பாதியில் நின்றது. பிரதம விருந்தினரான வைத்திய அதிகாரி அம்மா, “என்ன மருந்து?” என்று சிங்களத்தில் கேட்டார்.

பேராசிரியர் முந்திக்கொண்டார். “பாரம்பரிய மூலிகைக் கரைசல், மேடம்.”

அம்மையார் அவரைப் பார்க்காமல் சுவர்ணாவைப் பார்த்தார். பேராசிரியரும் சுவர்ணாவைப் பார்த்தார். அவளுடைய முதுகலைப் பதிவுப் பத்திரம் இன்னும் அவருடைய மேசையில்தான் கிடந்தது. கேடயத்தைத் தூக்கிக் காட்டிய தகப்பனின் சட்டைக் காலர் விலகிய இடத்தில் அந்த வெந்த தோல் தெரிந்தது.

“பூச்சிகொல்லி, மேடம்,” என்றாள் சுவர்ணா. “சிவப்பு லேபல் போட்டது.”

பன்வில பஸ்ஸில் பெரியதம்பி கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். “ஏன் புள்ள, ஐயா மூஞ்சி சுருங்கிப் போச்சு? நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா?”

“இல்லப்பா. சரியாத்தான் பேசினீங்க.”

கையெழுத்து வரவில்லை. வரும் என்று யாரும் கண்ணீரோடு காத்திருக்கவும் இல்லை. பேராசிரியருக்கு என்ன ஆனது என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு நற்செய்தி: ‘மலையகத்தில் மருந்து எனும் சொல்: ஒரு புதிய கண்டுபிடிப்பு’ என்று அடுத்த கட்டுரையை எழுதி, அதற்கும் நிதி பெற்றுவிட்டார். மனைவியின் பெயரும் வாகனத்தின் பெயரும் அதிலும் உண்டு. வால் மட்டும் வெட்டப்பட்டிருந்தது. ஈயம் பொன்னாகாது என்று யார் சொன்னது?

சுவர்ணா இப்போது கட்டுகஸ்தோட்டையில் டியூஷன் வகுப்பில் அதே காதலனைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள்.

ஆனால் நடமாடும் கிளினிக் பன்விலைக்கு வந்தது. வைத்திய அதிகாரி அம்மா பட்டியலில் ஊரைத் திரும்பச் சேர்த்திருந்தார். கோயில் வளவில் கதிரைகள் போட்டு, ஒரு தாதி பெரியதம்பியை உட்காரவைத்து முதுகைப் பார்த்தார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“ஐயா, இப்ப ஏதாவது மருந்து பாவிக்கிறீங்களா?”

“ஆமாம்மா,” என்றார் பெரியதம்பி பணிவாக. “வாரம் ரெண்டு தடவ.”

தாதி நல்ல நோயாளி என்று மெச்சித் தலையாட்டி அதை எழுதப் போனார். வரிசையின் பின்னால் நின்ற சுவர்ணா, செருப்பைக்கூட மாட்டாமல் முன்னே ஓடினாள்.