பெருநாள் வேலை யார் கணக்கில்

அன்றைய கூட்டத்தில் மூன்று பேர் இருந்தோம். எங்கள் கணினிப் பிரிவின் தலைவி, மலாய்க்காரர். எல்லாருக்கும் அவர் புவான், மலாயில் மேடம். நிதிப் பிரிவிலிருந்து ஒரு சீனப் பெரியவர். எல்லாருக்கும் அவர் அங்கிள். அப்புறம் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத நான். பத்து பாகாட் அலுவலகத்திலிருந்து யாரும் வரவில்லை. நாங்கள் கூப்பிடவில்லை என்று சொல்வதுதான் சரி. கூட்டம் ஜேபி நகரத்துத் தம்போயில், தலைமை அலுவலகத்தில். பத்து பாகாட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து திரும்பினால் அவர்களுக்கு ஒரு நாள் வேலை கெடும், பாவம், எதற்கு என்று விட்டுவிட்டோம்.

சின்ன விஷயம் என்றுதான் நினைத்தோம். எங்கள் நிறுவனத்தில் மெயின்ஃபிரேம் என்கிற பழைய பெருங்கணினி ஒன்று இருக்கிறது. "இந்தக் காலத்திலுமா?" என்று கேட்பார்கள். இந்தக் காலத்திலும்தான். கூலாய் செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடைக் கணக்கு, பத்து பாகாட் துணிக்கிடங்கின் சரக்குக் கணக்கு, தம்போயில் போடுகிற சம்பளம் எல்லாம் அதன் வயிற்றில்தான் இருக்கின்றன. எந்த ஊரிலிருந்து யார் உள்ளே நுழைந்தாலும் அது தனக்குள் ஒரு வரி எழுதிக்கொள்ளும்: எந்த டெர்மினல், எவ்வளவு நேரம், எவ்வளவு தகவல் போய் வந்தது. அந்த வரியில் எட்டு இடங்கள் காலியாக இருந்தன. அங்கே ஒரு கணக்குக் குறியீடு வைத்தால், மாதக் கடைசியில் லைன் செலவை எந்த அலுவலகத்தின் தலையில் எவ்வளவு வைப்பது என்று பிரித்துவிடலாம். அந்த எட்டு இடங்களை வகுத்துத் தருவது என் வேலை.

முதல் இரண்டு இடம் ஊர். அடுத்த இரண்டு பிரிவு. அடுத்த மூன்று வேலையின் வகை. கடைசி ஒன்று, தப்பாகத் தட்டினால் காட்டிக்கொடுக்கிற சரிபார்ப்பு எண். ஒரு வாரமாக எழுதி அழித்து எழுதியது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன்தான். அம்மா கூலாய்ப் பக்கம் எஸ்டேட்டில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கியவர், இப்போது செனாயில் ஒரு ஃபேக்டரியில் துப்புரவு வேலை செய்கிறார். "என்னடா வேலை உனக்கு?" என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு தடவை, "யார் எவ்வளவு லைன் பயன்படுத்தினாங்கன்னு எழுதறதுக்கு எண் வைக்கிறேன்மா" என்றேன். பக்கத்து வீட்டில் போய், "எம் மவன் டெலிகாம்ஸ்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டார். விட்டுவிட்டேன்.

அங்கிள் பேசுவது மலாயும் ஆங்கிலமும் கொஞ்சம் ஹொக்கியன் சீனமும் கலந்தது. தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்: "ஆடேக், நல்லா இருக்கு. ஊர் முன்னாடி இருக்கு பாரு, எனக்கு அதுதான் வேணும். ஊர் வாரியா காசு, முடிஞ்சுது லா." ஆடேக் என்றால் மலாயில் தம்பி. புவான் கையெழுத்துப் போட்டார். மூன்று ஊரிலும் போன மாதம் சோதனையாகத் தட்டிய குறியீடுகளை வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். போன மாதம் நோன்புப் பெருநாள் மாதம், மலாயில் ராயா. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பத்து பாகாட் அலுவலகத்தில் நாலு பெண்கள், நாலு பேருமே தமிழ். அதில் ஒருத்தியோடு எனக்குப் போனில் பழக்கம். புதுக் குறியீட்டை அங்கே சோதித்துப் பார்க்க அவளைத்தான் நியமித்திருந்தார்கள். தினமும் காலையில் கூப்பிடுவேன்.

"சொல்லுங்க சார்."

"சார் எல்லாம் வேணாங்க."

"சரிங்க சார்."

இப்படித்தான் ஆரம்பிக்கும். அவள் குறியீட்டை ஒவ்வொரு எண்ணாகப் படிப்பாள், நான் திரையில் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். மத்தியானம் மட்டும் கூப்பிடக்கூடாது. அலுவலகத்துக்குப் பின் தெருவில்தான் வீடு. அவளுடைய அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மத்தியானம் நடந்துபோய் அவருக்குச் சோறு ஊட்டிவிட்டு வருவாள். "அப்பா என் கையால குடுத்தாத்தான் சாப்பிடுவாரு. வேற யாராச்சும் குடுத்தா வாயை மூடிக்குவாரு, சின்னப் புள்ளை மாதிரி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளை நான் நேரில் பார்த்தது ஒரே தடவை, ஒரு பயிற்சியில். அவள் முன் வரிசை, நான் பின்வரிசை. முகத்தைவிடப் பின்னல்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஓட்டிப் பார்த்த கணக்கு வந்தது. தம்போய் கொஞ்சம், கூலாய் கொஞ்சம். பத்து பாகாட் இரண்டையும் சேர்த்ததைவிட அதிகம். நாலு பேர் உட்காரும் அலுவலகம்!

புவான் அந்தத் தாளை மேலே அனுப்பினார், அது அவர் கடமை. மேலேயிருந்து பதில் சீக்கிரமே வந்தது. இவ்வளவு செலவு வைக்கிற சின்ன அலுவலகம் எதற்கு? ஆண்டுக் கடைசியில் மூடிவிட்டு, நாலு பேரையும் தம்போய்க்கு மாற்றிவிடலாமே. விருப்பமில்லாதவர்கள் வேலையை விட்டு நின்றுகொள்ளலாம்.

அடுத்த நாள் காலை நான் சொல்வதற்குள் அவளுக்குச் செய்தி போயிருந்தது. சார் என்று கூப்பிடவில்லை.

"நான் எப்படிங்க அங்க வர்றது? அப்பாவைத் தூக்கிட்டு வந்து எங்க வைக்கிறது?"

"வீடு பார்க்கலாம்."

"ஜேபியில வீட்டு வாடகை எத்தனை வெள்ளி தெரியுமா உங்களுக்கு? அதை விடுங்க. மத்தியானம் யாரு ஊட்டுவா?"

போனை வைத்த பிறகு, காலியாக இருந்த எதிர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றி வந்தால் அவர்களை அங்கேதான் உட்கார வைப்பார்கள். தினமும் பார்க்கலாம். தே தாரிக் டீ ஆறிப்போகும் வரை அந்த நினைப்பு இருந்தது. அப்புறம், வாயை இறுக மூடிக்கொண்டு மகளுக்காகக் காத்திருக்கும், நான் பார்த்தேயிராத ஒரு மனிதர் நினைவுக்கு வந்தார். தாளை எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் வரிகளைத் தேடிப் போனேன்.

தேட அதிகம் இல்லை. பத்து பாகாட் டெர்மினல். பத்து பாகாட் குறியீடு. ஆனால் திறந்திருந்த கோப்பு கூலாய் எடைமேடை. அடுத்த வரியும் அப்படித்தான். அதற்கடுத்தது தம்போய் சம்பளம். பெருநாளன்று காலை போனில் அவள் சொன்னது அப்போதுதான் காதில் திரும்ப வந்தது. "இன்னைக்கு நாங்கதான் கூலாய். மத்தியானத்துக்கு மேல நாங்கதான் தம்போய். என்ன வேணும் சொல்லுங்க, செஞ்சு தர்றோம்." நானும் சிரித்திருந்தேன்.

எங்கள் அலுவலகப் பழக்கம் அது. எங்கும் எழுதி வைத்ததில்லை. பெருநாளுக்குத் தம்போயும் கூலாயும் கம்பத்துக்கு, சொந்தக் கிராமத்துக்கு, கிளம்பிவிடும், அவர்கள் வேலையைப் பத்து பாகாட் பெண்கள் எடுத்துக்கொள்வார்கள். தீபாவளிக்கு அது தலைகீழாகும். பெருநாள் முடிந்து வருகிறவர்கள் கேதுபாட் சோற்றுப் பொட்டலமும் ரெண்டாங் கறியும் அனுப்புவார்கள், தீபாவளி முடிந்து பத்து பாகாட்டிலிருந்து முறுக்கு வரும். அதற்குமேல் யாரும் கணக்குப் பார்த்ததில்லை. லாகின் திரையோ, கடைசியாகத் தட்டிய குறியீட்டை அப்படியே வைத்திருக்கும். பெண்கள் கூலாய் வேலைக்குள் நுழைந்தபோதும் அதில் பத்து பாகாட் எண்தான் நின்றிருக்கிறது. மூன்று ஊர் வேலையும் ஒரே ஊர் தலையில்.

புவானிடம் போய்ச் சொன்னேன். அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். "அலமாக். அது என்னோட ராயா லீவு."

இரண்டாம் கூட்டத்துக்குப் பத்து பாகாட்டையும் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். அவள் வந்தாள். அப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் லார்கின் பஸ் நிலையம் வந்து இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். "சாப்பிட மாட்டேங்கிறாராம்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

நான் வெள்ளைப் பலகையில் எட்டுக் கட்டங்கள் வரைந்தேன். "யாருக்காகச் செய்த வேலை என்பதற்கு இரண்டு இடம் வேண்டும்."

"எட்டுக்கு மேலே போகாது," என்றார் புவான். பழைய நிரல்கள் எட்டுக்கு மேல் படிக்காது, அது எல்லாருக்கும் தெரியும்.

"சரிபார்ப்பு எண்ணைத் தொடாதே," என்றார் அங்கிள். "அது இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

"ஊரை எடுத்துடலாம்," என்றேன். எந்த டெர்மினல் என்பதை இயந்திரமே எழுதிக்கொள்கிறது. டெர்மினல் தெரிந்தால் ஊர் தெரிந்துவிடும். தெரிந்ததையே இன்னொரு தடவை எழுத இரண்டு இடத்தைக் கொடுத்துவிட்டு, தெரியாததை எழுத இடம் இல்லாமல் இருந்தோம். முதல் இரண்டு கட்டத்தில் ஊரை அழித்துவிட்டு 'யாருக்காக' என்று எழுதினேன். லாகின் திரை பழைய எண்ணை வைத்திருக்கக்கூடாது, ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தட்ட வேண்டும் என்றும் சொன்னேன்.

"ஒவ்வொரு தடவையுமா?" என்றாள் அவள். "விரல் தேஞ்சிடும் சார். தேய்மானத்துக்கு எந்தக் குறியீடு?"

அங்கிள் மேசையில் தட்டிச் சிரித்தார். "இந்தப் பொண்ணை நிதிப் பிரிவுக்குக் குடுங்க!"

புவான் சிரிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இனிமே பெருநாள் ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை தெரியும். ராயாவுக்கு நீங்க எங்களுக்குச் செஞ்சது இவ்வளவு, தீபாவளிக்கு நாங்க செஞ்சது இவ்வளவுன்னு. நல்லாவா இருக்கும் அது? இத்தனை வருஷம் இல்லாதது."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதற்கு எந்தக் கட்டத்திலும் பதில் இல்லை. அவள்தான் சொன்னாள், மலாயில், மெதுவாக. "விலை தெரிஞ்சா என்ன புவான்? நீங்க கேதுபாட் அனுப்பாம இருந்துடுவீங்களா? எழுதாம விட்டதுக்குத்தான் இப்ப எங்க ஆபீஸ் போகப் போகுது."

புவான் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

அதே பெருநாள் மாதத்தைத் திரும்ப ஓட்டினோம். திறந்த கோப்பை வைத்து யாருக்கான வேலை என்று பிரித்துப் புது எண் போட்டேன். பத்து பாகாட் கடைசி இடத்துக்கு இறங்கியது. அந்தத் தாளும் மேலே போனது. இந்த முறை பதில் வர நாளானது. மூடுவதை இப்போதைக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்று ஒரே வரி. புவான் அதை என்னிடம் காட்டிவிட்டு, "நீயே போன் பண்ணிச் சொல்லு" என்றார். மத்தியான நேரம். கூப்பிடக்கூடாத நேரம். கூப்பிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் போனைக் கீழே வைக்கிற சத்தம். அப்புறம் தள்ளி நின்று பேசுவதுபோல அவள் குரல்: "அப்பா, ஆபீஸ் இருக்குப்பா. இந்தாங்க, ஆ காட்டுங்க."

தீபாவளிக்குப் பத்து பாகாட் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு நாலு பேரும் லீவு போனார்கள். அவர்கள் வேலையைத் தம்போய் எடுத்துக்கொண்டது. புவானே இரண்டு நாள் கிடங்குக் கணக்கைத் தட்டினாராம். நானும் லீவு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பத்து பாகாட் போனேன். ஏன் என்று அம்மா கேட்கவில்லை, புதுச் சேலை மட்டும் கட்டிக்கொண்டார்.

அவள் அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். விடவில்லை. அம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீயாச்சும் சொல்லு தாயி, இவன் அங்க என்னதான் செய்றான்?" என்றார்.

"யாரு யாருக்காக வேலை பாத்தாங்கன்னு எழுத இடம் செஞ்சு குடுக்கிறாரு, அத்தை."

அத்தை என்றதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் அப்பா என் கையை ஒரு தடவை அழுத்தினார். அம்மா முறுக்கைச் சின்னதாக உடைத்து அவர் வாயருகே கொண்டுபோனார். அவர் மகளைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

மாதக் கடைசியில் புதுக் குறியீட்டோடு முதல் தாள் வந்தது. வேலை நடந்த டெர்மினல் தம்போய். யாருக்காக என்ற இடத்தில் பத்து பாகாட். அந்த வரியைப் புவான் பேனாவால் சுற்றியிருந்தார். நான் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். நாலு பேர் வீட்டில் தீபாவளி, பூட்டிய அலுவலகம் அப்படியே இருந்தது, ஒரு மனிதர் வேறு கையால் முறுக்குத் தின்றார். அதற்கெல்லாம் சேர்த்து பத்து பாகாட்டுக்கு ஆன செலவு, அறுபத்தோரு வெள்ளி நாற்பது காசு.