செகண்ட் பேஸில் ஒரு பூஜ்யம்

மலேசியாவின் கூலிமில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கென்டீன் சுவரில் எங்கள் பிரிவு எஞ்சினியர் சில தாள்களை ஒட்டிவைத்திருந்தார். அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தில் செகண்ட் பேஸில் நின்றவர்களின் வாழ்நாள் சாதனைகள். யார் அதிகப் பந்துகளைப் பிடித்தார், யார் அதிகம் எறிந்து எதிராளியை வெளியேற்றினார், யார் மிகக் குறைவாகத் தவறவிட்டார் என்று வரிசை வரிசையாகப் பெயர்கள். எஞ்சினியர் அமெரிக்காவில் படித்த சீனர்; எங்கள் பெண்கள் சாஃப்ட்பால் குழுவுக்கும் அவர்தான் பயிற்சியாளர். குறைவாகத் தவறவிட்டவர்கள் தாளின் அடியில் சிவப்பு மையில் என் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டிருந்தார். மூன்று வருஷமாக நான் ஒரு பிழையும் செய்யவில்லை.

சாஃப்ட்பாலும் பேஸ்பால் மாதிரிதான். பந்து பெரிது, திடல் சிறிது. அடித்தவள் மூலைக்கு மூலை இருக்கும் பேஸ்களைத் தொட்டு ஓடி முடித்தால் ஒரு ஓட்டம். செகண்ட் பேஸ்காரி முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவில் நிற்பாள். தரையோடு வரும் பந்தை அள்ளி, அடித்தவள் அங்கே ஓடி வருமுன் முதல் பேஸுக்கு எறிய வேண்டும். பீடோங்கில் பள்ளியில் படிக்கும்போது, குட்டையாக இருக்கிறேன் என்று என்னை அங்கே நிறுத்தினார்கள். அப்புறம் யாரும் மாற்றவில்லை.

வேலையிலும் அதே கதை. கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்புக்குள் புகுந்துகொண்டு, மைக்ரோஸ்கோப்பில் கணினிச் சில்லுகளைப் பார்த்து, கீறல் விழுந்தவற்றை ஒதுக்க வேண்டும். நான் பார்த்து அனுப்பிய பெட்டி எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அதுவே வினையாகிப் போனது. டெக்னீஷியன் பயிற்சிக்கு இரண்டு தடவை மனுக் கொடுத்தேன். இரண்டு தடவையும் எஞ்சினியர் சிரித்துக்கொண்டே, "உன் இடத்துக்கு நான் யாரைப் போடுவது?" என்று மலாய் மொழியில் கேட்டார். பாராட்டுப் போலத்தான் இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது மறுப்பு என்று உறைத்தது.

ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதியவர் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை செய்யும் ஓர் அக்கா. ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மாதா கோயிலிலிருந்து அதே சேலையோடு திடலுக்கு வந்துவிடுவார். ஒரு ஞாயிறு, என் வலது பக்கமாக ஒரு பந்து வேகமாக உருண்டு வந்தது. இரண்டு எட்டு வைத்து நின்றுவிட்டேன். பந்து என்னைத் தாண்டிப் போனது. இடைவேளையில் அக்கா என்னை அழைத்தார்.

"ஏன் நின்னுட்ட?"

"எட்டாதுக்கா."

"எட்டும்லா. முன்னெல்லாம் அதுக்கு நீ விழுந்து புரண்டிருப்ப. இப்ப கொஞ்சம் தள்ளிப் போனாலும் பாத்துக்கிட்டே நிக்கிற." நோட்டைத் தட்டிக் காட்டினார். "கையில பட்டு நழுவினாலோ தப்பா எறிஞ்சாலோதான் நான் பிழைன்னு எழுத முடியும். தொடவே இல்லன்னா அடிச்சவளுக்குத்தான் பேரு. அது ஒனக்கு நல்லாத் தெரியும்."

தெரியும் என்பதுதான் உண்மை. எப்போதிருந்து அப்படி நிற்க ஆரம்பித்தேன் என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் கென்டீனில் அந்தத் தாள்களை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். அதுவரை என் பூஜ்யத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். அதிகப் பிழை செய்தவர்களுக்கும் ஒரு தாள் இருந்தது. அதிலிருந்த சில பெயர்கள், அதிகப் பந்து பிடித்தவர்கள் தாளிலும் இருந்தன. சாப்பிட வந்த எஞ்சினியரிடம் அது எப்படி என்று கேட்டேன்.

அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பழைய காலத்தில் கையுறை சின்னது, தரை மோசம், அவர்கள் பல வருஷம் ஆடினார்கள், எந்தப் பந்தையும் விடாமல் துரத்தினார்கள் என்றார்.

"அப்படியென்றால் என் பூஜ்யம்?"

"அது வேறு," என்றார். "அது நம் குழுவுக்குப் பெருமை. அதைக் கெடுத்துவிடாதே."

இரண்டு வாரம் கழித்து இன்னொரு தொழிற்சாலைக் குழுவோடு ஆட்டம். கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். அவர்களில் இருவர் பேஸ்களில் நின்றார்கள். பந்து மறுபடியும் வலப்பக்கம் வந்தது. யோசிக்கவில்லை, பாய்ந்துவிட்டேன். கையுறையில் பந்து அடித்த சத்தம் கேட்டது. முட்டிபோட்டபடியே முதல் பேஸுக்கு எறிந்தேன். அது பிடிக்க நின்றவளின் தலைக்கு மேலே பறந்து வேலியில் போய் விழுந்தது. இரண்டு பேரும் ஓடி முடித்தார்கள். தோற்றோம்.

வாயில் மண். முழங்காலில் தோல் உரிந்து எரிந்தது. எஞ்சினியர் நேரே காருக்குப் போய்விட்டார். அக்கா தண்ணீர் போத்தலோடு வந்தார்.

"எழுதிட்டேன்மா. எறிஞ்சது ஒன் தப்புதான்."

"எழுதுங்கக்கா."

"அழுவுறியா?"

"இல்லக்கா, மண்ணு." கொஞ்சம் அழுதேன்தான். தோற்றதற்காக இல்லை.

திங்கட்கிழமை, என் பூஜ்யம் இருந்த தாளின் அடிப்பகுதியைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். அந்த வாரமே மூன்றாவது மனுவைக் கொடுத்தேன். இந்தத் தடவை எஞ்சினியர் சிரிக்கவில்லை. ஆனால் கேள்வி அதேதான். "அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்" என்றேன். அவர் மனுவை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். வருஷம் முடிந்தும் பதில் இல்லை.

சுங்கை பட்டாணியில் ஞாயிற்றுக்கிழமைகளில் டெக்னீஷியன் வகுப்பு நடத்தும் இடம் ஒன்றை அக்காதான் விசாரித்துச் சொன்னார். சேர்ந்துவிட்டேன். அதனால் ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. சொன்னபோது எஞ்சினியர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். இப்போது செகண்ட் பேஸில் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

வார நாட்களில் இன்னும் அதே வெள்ளை உடுப்பு, அதே மைக்ரோஸ்கோப். சான்றிதழ் கிடைத்தாலும் இங்கே இடம் மாற்றித் தருவார்களா என்பது சந்தேகம்தான். வேறு கம்பெனிக்குப் போகலாம் என்று வகுப்பில் எல்லாரும் சொல்கிறார்கள். வீட்டில் இன்னும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.