வயிற்றில் பிளாஸ்திரி, கழுத்தில் மாலை

மாதவிலக்கு நின்று ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தொலைந்தது சனியன் என்று நான் நிமிர்ந்து உட்காருவதற்குள் வேர்வை பிடித்துக்கொண்டது. தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விலங்கியல் டீச்சர். போர்டில் தவளையின் இதயத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே மார்பிலிருந்து காதுவரை குப்பென்று காந்தும். ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டும். அது தணிந்ததும் கோபம் வரும். கையில் கிடைத்த சாக்பீஸெல்லாம் முன்பெஞ்சுக்காரிகள் மேல்தான் விழும். பாவம், அதுகள் என்ன செய்யும்.

எண்பதுகளின் கடைசி அது. லண்டனில் நர்ஸாக இருந்த என் தங்கை, ஊருக்கு வந்தவர்களிடம் ஒரு பெட்டி கொடுத்துவிட்டாள். உள்ளே வட்ட வட்டமாக, கண்ணாடி மாதிரி பிளாஸ்திரிகள்; நமக்குள் வற்றிப்போன பெண் ஹார்மோனைத் தோல் வழியாக உள்ளே விடுமாம். கூடவே மாத்திரை அட்டைகள். ‘டாக்டரிடம் காட்டாமல் ஒட்டினாயோ, விமானம் ஏறி வந்து உதைப்பேன்’ என்று கடிதம்.

எங்கள் டாக்டரம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன் டீச்சர். கையில இப்பதான் பாக்கேன்” என்றார். பிரஷர் பார்த்தார். மார்பில் கட்டி இருக்கிறதா, காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா, வீட்டில் யாருக்காவது புற்று வந்ததா என்று ஒரு மணி நேரம் குடைந்தார். அப்புறம்தான் சம்மதித்தார். அடிவயிற்றில் ஒட்ட வேண்டும், மார்பில் ஒட்டவே கூடாது. வாரத்துக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டும், ஒட்டின இடத்திலேயே திரும்ப ஒட்டக் கூடாது. எண்ணெய், பவுடர் இல்லாத காய்ந்த தோலாக இருக்க வேண்டும்.

“மாசத்துல பன்னெண்டு நாள் இந்த மாத்திரை. இதை மட்டும் விட்றாதீங்க. வெறும் பிளாஸ்திரி போட்டா கர்ப்பப்பைக்குள்ள தோல் தடிச்சுக்கிட்டே போவும். கடைசில புத்துல கொண்டுபோய் விட்டுரும். மாத்திரைதான் அதை அடக்கும். முடிஞ்சதும் மூணு நாலு நாள் ரத்தம் படும்.”

“திரும்பவுமா? நான் பாயசம் வச்சுக் கொண்டாடாத குறைதான் டாக்டர்!”

“பாயசத்தை அப்புறம் குடிப்போம்” என்றார்.

வாரத்துக்கு இரண்டு தடவை என்றதும் என் புத்தி செவ்வாய், வெள்ளிக்குப் போயிற்று. பெண்பிள்ளைகளுக்கு எண்ணெய்க் குளி அன்றைக்குத்தானே, மறக்கவே மறக்காது. எண்ணெய் தேய்க்கிற நாளில் பிளாஸ்திரி ஒட்டின விலங்கியல் டீச்சர் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனி மாதச் சாரலில் குற்றாலம் போனோம். உச்சி முதல் பாதம்வரை நல்லெண்ணெயைப் பூசிக்கொண்டு அருவியில் நின்றேன். வெளியே வந்து பாவாடைக்குள் தடவிப் பார்த்தால் வயிறு மழுமழுவென்று இருக்கிறது. எனக்கு முன்னால் போன ஒரு மதுரை அம்மாளின் முதுகில் என் பிளாஸ்திரி மினுங்கிக்கொண்டு போகிறது! விட்டுவிடவும் மனசில்லை. “அட்டைப்பூச்சி, அட்டைப்பூச்சி” என்று கத்திக்கொண்டு அதைப் பிடுங்கினேன். அந்த அம்மாள் போட்ட கூச்சலில் பெண்கள் பக்கமே காலியாகிவிட்டது. பசைப் பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் குப்பையில் போட்டேன். அன்றிலிருந்து திங்கள், வியாழன்.

என் வீட்டுக்காரரிடம் இடுப்பு வலிக்கு என்று சொல்லி வைத்திருந்தேன். “முழங்காலு குடையுது, எனக்கும் ஒண்ணு ஒட்டி விடேன்” என்று ஒருநாள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஒட்டினால் அப்புறம் உமக்கு நான் ரவிக்கை தைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, தைலத்தைத் தேய்த்து அனுப்பினேன்.

வேர்வை ஓடிப்போயிற்று. சாக்பீஸ் மிச்சமாயிற்று. ஆனியிலும் ஆடியிலும் மாத்திரையை முழுங்கி, ரத்தம் பட்டு, துணியை ஒளித்துக் காயப்போட்டேன்.

ஆவணியில் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். அவர் வருஷா வருஷம் சபரிமலைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிற குருசாமி. முப்பது வருஷமாக அவர் மாலை போட்ட நாளெல்லாம் விடியுமுன் குளித்துச் சமைத்தவள் நான். விலக்கு வந்துவிட்டால் ஆய்க்குடியில் அண்ணன் வீட்டுக்கு என்னை பஸ் ஏற்றிவிடுவார்.

“ஏட்டி, உனக்குத்தான் எல்லாம் நின்னுட்டே. இந்தக் கார்த்திகைக்கு நீயும் மாலை போடு. ரெண்டு பேருமாப் போவோம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமாகி அந்த மனுஷர் என்னை எங்கேயாவது சேர்ந்து போகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். மாத்திரை முழுங்கினால் ரத்தம் படும், ரத்தம் பட்டால் மலை கிடையாது. ஒரு துணி அவர் கண்ணில் பட்டாலும் கூப்பிட்டதை வாபஸ் வாங்கிவிடுவார் என்று, கார்த்திகைவரைகூடக் காத்திராமல் அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினேன். பிளாஸ்திரியை விடவில்லை, வேர்த்து வடிந்துகொண்டு மலை ஏற முடியுமா? தை பிறந்ததும் முழுங்கிக்கொண்டால் போயிற்று என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன்.

நாலு மாதம் அப்படியே ஓடிற்று. மாலை போட்ட இருபத்தாறாம் நாள், பள்ளிக்கூடக் கக்கூஸில் பார்த்தேன். கொட்டுகிறது. கட்டி கட்டியாக வருகிறது. நேரே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

டாக்டரம்மா என் கழுத்து மாலையைப் பார்த்தார். “மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுதீங்கள்லா?”

“சாப்பிடுதேன்.”

“அப்ப பயப்படாதீங்க. அதனால வாறதாத்தான் இருக்கும்.”

ஐயோ, எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! தெருமுனைவரை நடந்தேன். புற்று என்று அவர் அன்றைக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. என் பொய்யை நம்பி அந்த அம்மாள் சும்மா இருந்துவிட்டால் நான் போய்விடுவேனே. வந்த வழியே ஓடினேன். அடுத்த நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே, “நாலு மாசமாத் தொடல டாக்டர்” என்றேன்.

“பிள்ளைகளுக்கு ஹார்மோன் பாடம் யாரு எடுக்கா? நீங்கதான?” அவ்வளவுதான் கேட்டார். பிளாஸ்திரியை அங்கேயே எடுக்கச் சொன்னார். மறுநாள் மயக்கம் கொடுத்துக் கர்ப்பப்பையைச் சுரண்டி, எடுத்ததைப் பாளையங்கோட்டைக்குப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

வீட்டுக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆனியிலும் ஆடியிலும் ரத்தம் பட்ட நாளெல்லாம் மறைத்துச் சமைத்துப் போட்டதையும் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். “புத்துன்னா சொன்னா?” என்று மட்டும் கேட்டார். கோஷ்டியை இன்னொரு சாமியிடம் ஒப்படைத்துவிட்டு, கறுப்பு வேட்டியோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முடிவு வர பத்து நாளாயிற்று. பத்து நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

உள்தோல் தடித்திருக்கிறது, புற்று இல்லை, இனி மாத்திரை தவறவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். வெளியே வந்ததும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா? மாத்திரையத் தின்னுட்டி, மலை எங்கயும் போவாதுன்னு சொல்லியிருப்பேன்லா” என்றார் வீட்டுக்காரர்.

“நெஜமாச் சொல்லுங்க. சொல்லியிருப்பீங்களா?”

கழுத்து மாலையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

“இல்லட்டி. மலைக்குப் போயிட்டு வந்து தின்னுக்கலாம்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார்.