நிலவு மண்ணும் வண்டித்தடமும்

அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது, எங்கள் பக்க வழக்கப்படி இளையவர் முதலில் எடுத்தார். வாய்க்காலை ஒட்டிய தென்னந்தோப்பு சித்தப்பாவுக்குப் போனது. மிஞ்சிய கல்லாங்காடு அப்பாவுக்கு. எங்கு தோண்டினாலும் வெள்ளைப் பாறை. மேலே ஒரு சாண் மண்கூட இல்லை. வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. எடுத்த கையோடு சித்தப்பா பத்துப் பேர் நடுவில், “அண்ணனுக்கு ஆடு மேய்க்க எடம் வேணுமல்லோ” என்று சிரித்ததைத்தான் மறக்கவில்லை.

ஒன்றை மட்டும் அவர் கவனிக்கவில்லை. தோப்பிலிருந்து தார்ச்சாலைக்கு நேர்வழி எங்கள் காட்டுக்குள் இருந்தது. வாய்க்கால் கரையில் டிராக்டர் போகாது. தேங்காய் தலைச்சுமையாகத்தான் வெளியேறும். பல வருஷமாக வண்டித்தடம் கேட்டுக்கொண்டிருந்தார். காடு என் பேருக்கு வந்த பிறகு என்னிடம் கேட்டார். “குடுத்துரு சாமி, தம்பிதானே” என்பார் அப்பா. நான் தள்ளிப்போட்டு வந்தேன்.

இதற்கிடையே பக்கத்து ஊருக்கு விண்வெளி ஆய்வுக்காரர்கள் வந்தார்கள். நிலவின் மேட்டுநிலங்களில் இருப்பதும் இந்த வெள்ளைப் பாறை வகைதானாம். லாரியில் ஏற்றிப்போய் மாவாக நொறுக்கி, பெங்களூரில் நிலவின் தரைபோலப் பரப்பி, சந்திரயானுக்கான சோதனைகளை அதன்மேல் செய்தார்கள். எங்கள் காட்டில் ஒரு கூடைகூட அள்ளவில்லை. இரண்டு ஊருக்கும் அடியில் ஓடும் பாறை மட்டும் ஒன்று. கேட்டவர்களிடமெல்லாம் இதைத் திருத்திச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது சந்திரயானின் லேண்டர் நிலவில் மோதி உடைந்த மறுநாள், டீக்கடையில் சித்தப்பா அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

“ஏண்ணா, உங்க கல்லை நம்பியா எறக்குனாங்க? அப்பறம் எப்படி உருப்படும்?”

கடையே சிரித்தது. அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் போகவேயில்லை.

மூன்றாவது சந்திரயான் இறங்கிய மாலை அதே கடை டி.வி. முன் கூட்டம் சாலைவரை நின்றது. நிலவில் பத்திரமாக இறங்கிய நான்காவது நாடு, தென்துருவத்தின் அருகே இறங்கிய முதல் நாடு என்று சொல்லி முடிப்பதற்குள் வெளியே பட்டாசு வெடித்தது. சித்தப்பா பெஞ்சில் ஏறாத குறை.

“எல்லாம் நம்ம காட்டு மண்ணுங்க! எங்கய்யன் உழுத காடு!”

அன்று மட்டும் நான் திருத்தவில்லை. அவர் என் தோளில் கை போட்டார். “சாமி, அந்தத் தடத்தை இந்த நல்ல நாள்லயே முடிச்சுரலாமா? நமக்குள்ள என்ன இருக்குது?”

அப்பாவுக்கு வயதாகிறது, கொடுத்துவிடலாம் என்றுதான் அன்று கடைக்குப் போயிருந்தேன்.

“ஏனுங் சித்தப்பா, உடைஞ்சப்ப ‘உங்க கல்லு’ன்னு சொன்னீங்க. எறங்குனதும் ‘நம்ம மண்ணு’ ஆயிருச்சுங்களா?”

இந்தத் தடவை கடை அவரைப் பார்த்துச் சிரித்தது.

“அது வெளையாட்டுக்குச் சொன்னதப்பா.”

“நானும் வெளையாட்டுக்குத்தானுங்க கேட்டேன். தடம் கெடையாது.”

அந்த வாரமே கம்ப்ரசர் வைத்துப் பாறையில் குழி போட்டு, கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்தேன். சித்தப்பா தோப்பு ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

“ஒரு ஆள் போற சந்தாவது உடு சாமி.”

விட்டேன். ஒல்லியான ஆள் நேராகவே போய்வரலாம். சித்தப்பாவுக்கு நல்ல தொப்பை. அவர் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். அதைக் கணக்குப் பார்த்துத்தான் கடைசிக் கல்லை நட்டேன்.