முந்தானையில் முடிந்த அரிசி

அரியலூரில் என் மூக்குக்கண்ணாடிக்குக் காத்திருந்த கடையில்தான் அந்த அம்மாளைப் பார்த்தேன். நெற்றி நிறையத் திருநீறு. பார்வை மங்கியதால், பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் வாங்க மருமகளோடு வந்திருந்தார். கடைக்காரர் கைப்பிடி வைத்த லென்ஸையும் எழுத்து அட்டையையும் நீட்டினார்.

“எழுத்து கெடக்கட்டும் தம்பி,” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து, ரேஷன் அரிசியை மேசையில் பரப்பினார். “கண்ணு மங்குனதும் இவ மொறத்தப் புடுங்கிக்கிட்டா. அரிசி பொறுக்க ரெண்டு கையும் வேணுமே?”

கடைக்காரர் மேசையில் தானாக நிற்கும் லென்ஸை வைத்தார். அம்மாள் அதன்மேல் குனிந்து, விரலால் அரிசியை மெல்லத் தள்ளித் தள்ளி, ஒரு கல்லை எடுத்து மருமகளின் உள்ளங்கையில் வைத்தார்.

“இதத்தான் தெனம் மெல்லுறேன்.”

“அப்ப இனிமே நீங்களே பொறுக்குங்கத்தே!”

“பின்ன எதுக்கு இம்புட்டு தூரம் வந்தேன்?”

அந்தக் கல்லையும் அவரேதான் அரிசியில் போட்டு முடிந்துகொண்டு வந்தாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.