யாரும் தொடாத மோட்டார்

மெஷின் சர்வீஸுக்குப் போகிற இடங்களில் நான் அதிகம் கேட்ட பொய், "யாரும் தொடலைங்க சார்" என்பது. ஊர் எதுவானாலும் இந்த ஒரு பதில் மட்டும் மாறுவதில்லை.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில் மலர்க்கொடி என்ற பெண் மாட்டுத் தீவனக் கம்பெனி ஆரம்பித்திருந்தார். பாக்கெட் போடும் மெஷினை ஸ்டார்ட் பண்ணிக் கொடுக்கப் போயிருந்தேன். மறுநாள் காலை மீன்சுருட்டி ஊர்க் கடைகளுக்கு முதல் லோடு போக வேண்டும். போகாவிட்டால் கடைக்காரர்கள் பழைய கம்பெனிக்கே திரும்பிவிடுவார்கள். வந்த நேரம் முதல் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிளாஸ்டிக் ரோலை இழுத்துவிடுவது, சொன்ன அளவுக்கு மட்டும் சுற்றி நிற்கும் ஒரு சர்வோ மோட்டார். வயரிங்கை நானே முடித்து ஓட்டிப் பார்த்தேன். சத்தமில்லாமல் ஓடியது, ஆனால் பின்பக்கமாகச் சுற்றியது. இது ஒரு விஷயமே இல்லை. மோட்டாரை ஓட்டும் டிரைவ் பெட்டியில் ஒரு பாராமீட்டரை, அதாவது செட்டிங்கை, மாற்றினால் திசை மாறிவிடும். சாப்பிட்டு வந்து மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அதுதான் வினையாகிவிட்டது.

வந்து பாராமீட்டரை மாற்றி ஆன் செய்தால், மோட்டார் ஒரு உதறு உதறி நின்றது. டிரைவில் ஓவர்லோடு அலாரம். ரீசெட் செய்தேன், மறுபடி உதறல். யாராவது எதையாவது தொட்டீர்களா என்று கேட்டேன். மலர்க்கொடி இல்லை என்றார். மெஷின் ஓட்டும் ஆபரேட்டரும் இல்லை என்றார். மலர்க்கொடியின் அண்ணன் கலியமூர்த்தி எல்லோரையும்விட உறுதியாக இல்லை என்றார். அவர் அந்தப் பக்கத்தில் பேர்போன போர் மோட்டார் மெக்கானிக். கம்பெனி நிற்கும் இடமும் அவர் கொடுத்ததுதான்.

மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று டிரைவுக்குச் சொல்லும் என்கோடரின் கேபிளைக் கழற்றி மாட்டினேன். ரோலரிலிருந்து மோட்டாரைப் பிரித்து வெறுமனே ஓட்டினேன். பாராமீட்டர்களை முதலிலிருந்து ஏற்றினேன். உதறல் நின்றபாடில்லை. இதற்கிடையே கலியமூர்த்தி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "காயில் போயிருக்கும் சார். கழட்டிக் குடுங்க, அரியலூர்ல குடுத்து ரீவைண்டிங் பண்ணிடுவோம்" என்றார். சர்வோவை அப்படிப் பிரித்தால் அதன் கதை முடிந்தது என்றேன். அவர் ஆபரேட்டரைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் கையை விரித்துவிட்டேன். மோட்டார் சென்னைக்குப் போக வேண்டும், திரும்பி வர ஒரு வாரம் ஆகும் என்றேன். மலர்க்கொடியின் முகம் செத்துப்போனது. நேராக அண்ணனிடம் போனார்.

"அண்ணே, சாருக்குத் தலவலியாம். டவுனுக்குப் போயி நல்ல டீயா வாங்கிட்டு வாண்ணே."

பைக் ரோட்டில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் என்னிடம் வந்தார்.

"அண்ணன்தான் சார் மாத்துச்சு. பின்னாடி சுத்துதுல்ல, ரெண்டு வயரை மாத்திப் போட்டா சரியாயிடும்னுச்சு. அண்ணன் பக்கத்துல நிக்கிறப்ப நான் எப்படிங்க சொல்றது?"

போர் மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் இரண்டு வயரை மாற்றிப் போடுவார்கள். அங்கே அது சரி. சர்வோவில் வயரும் என்கோடரும் ஜோடி. வயரை மட்டும் மாற்றினால் மோட்டார் ஒரு பக்கம் போகப் பார்க்கும், டிரைவ் இன்னொரு பக்கம் இழுக்கும். மோட்டாருக்குப் போகும் மூன்றும் கறுப்பு வயர், மேலே அச்சிட்ட பொடி நம்பர்தான் அடையாளம். என் கையால் மாட்டியது என்பதால் எனக்கும் அதன்மேல் சந்தேகம் வரவில்லை. டெர்மினலைத் திறந்து வயரைப் பழையபடி மாட்டி, மோட்டாரை ரோலரோடு சேர்த்தேன். ரோல் சரியான பக்கமாக ஓடியது. அதற்குள் அரை நாள் போயிருந்தது.

அண்ணனிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று மலர்க்கொடி கேட்டுக்கொண்டார். டீயோடு வந்த கலியமூர்த்தி, வரிசையாக விழும் பாக்கெட்டுகளைப் பார்த்து என்ன செய்தேன் என்று கேட்டார். செட்டிங் மாற்றினேன் என்றேன். அவர் ஆபரேட்டர் பக்கம் திரும்பினார்.

"நான் அப்பவே வயரை மாத்தி ரெடி பண்ணிட்டேன். இவருதான் எதையோ போட்டுக் கொழப்பிக்கிட்டுக் கெடந்தாரு."

மலர்க்கொடி என்னைக் கெஞ்சலாகப் பார்த்தார். நான் டீயைக் குடித்தேன். காலையில் லோடு போனது.

இப்போதெல்லாம் யாராவது தொட்டீர்களா என்று நான் கேட்பதே இல்லை. போனவுடன், இங்கே மோட்டார் வேலை தெரிந்தவர் யார் என்று விசாரிக்கிறேன். சாப்பிடப் போகும்போது அவரையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன்.